த்ரஸ்டர் படுத்துவிட்டதா? முதலில் மீற்றரை எடு

தங்கச்சி, படகு வாங்கின நாளிலிருந்து என்ஜினைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டாய். அணியத்தில் இருக்கிற த்ரஸ்டரைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒஸ்லோ ஃபியோர்டில் யூலை மாதத்து விருந்தினர் துறைகளில் படகுக்குப் படகு ஒரு முழம் இடைவெளிகூட இராது. பக்கக் காற்று அடிக்கிற நேரத்தில், இரண்டு படகுக்கு நடுவில் நுழையும்போது அந்தச் சின்ன மோட்டர் கைவிட்டால் பெரிய கரைச்சல். அதனால் நீ கேட்காமலே சொல்கிறேன்.

ஓடிக்கொண்டிருந்த த்ரஸ்டர் நடுவில் நின்றால் ஜாய்ஸ்டிக்கைத் திரும்பத் திரும்ப அமுக்காதே. இந்த மோட்டர்கள் விடாமல் ஓடுவதற்குச் செய்தவை அல்ல. பெரும்பாலானவை ஒரே மூச்சில் 2, 3 நிமிடம் ஓடத்தான் தாங்கும். சூடு மிஞ்சினால் உள்ளே இருக்கிற வெப்பச் சுவிட்ச் தானாக வெட்டிவிடும், ஆறினதும் தானாகச் சேர்ந்துகொள்ளும். அரை மணி நேரம் பொறுத்துப் பார். திரும்ப ஓடினால் பழுதென்று ஒன்றுமில்லை, ஓட்டுகிற பழக்கத்தை மாற்றினால் போதும். ஒரு விநாடி, இரண்டு விநாடி தட்டு. அணியம் திரும்பத் தொடங்கியதும் கையை எடு. இன்னொன்று, பல பேனல்கள் சில நிமிடம் பாவிக்காமல் விட்டால் தாமாகவே அணைந்துவிடும். சிலவற்றில் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினால்தான் திரும்ப உயிர் வரும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டாக இயக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மெக்கானிக்கைக் கூப்பிட முதல் பேனலில் விளக்கு எரிகிறதா என்று ஒருக்கால் பார்.

அதற்குப் பிறகும் அசையவில்லை, அல்லது ஓடினாலும் பலமில்லை என்றால்தான் பழுது தேட வேண்டும். எங்கே தேடுவது என்பதில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும். பழுதென்று கழற்றப்படுகிற மோட்டர்களில் கனக்க மோட்டர்களில் ஒரு பிழையும் இராது. மின்சாரம் அவைவரை போய்ச் சேராததுதான் பிழை. மோட்டரின் வாசலில், அது ஓடுகிற நேரத்தில், எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளக்காமல் ஒரு உதிரிப்பாகமும் வாங்காதே. யார் எவ்வளவு அனுபவத்தோடு சொன்னாலும் வாங்காதே.

காரணம் சின்னக் கணக்கு. 12 வோல்ட்டில் ஓடுகிற, 60 கிலோ தள்ளுவிசை உள்ள ஒரு த்ரஸ்டர் 300 அம்பியருக்கு மேல் இழுக்கும். கபினில் எரிகிற எல்.இ.டி. விளக்கு ஒரு அம்பியர்கூட இழுக்காது. 300 அம்பியர் ஓடும்போது ஏதோ ஒரு போல்ட்டின் கீழ் பச்சைக் களிம்பு பிடித்து ஒரு வோல்ட் தொலைந்தால், அந்த ஒரே இடத்தில் 300 வாட் சூடாகப் போகிறது. அதே களிம்பு விளக்குக்கு ஒரு தடையே இல்லை. விளக்கு எரியும், பேனல் எரியும், சும்மா மீற்றர் வைத்துப் பார்த்தால் 12.6 காட்டும், த்ரஸ்டர் மட்டும் முனகும். அதனால் சும்மா இருக்கும்போது அளந்த வோல்ட்டை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அளக்கும் விதம் இப்படி. படகு தண்ணீரில் இருக்க வேண்டும், கயிறுகள் வடிவாகக் கட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் நீந்தக் கூடாது. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வை. இந்தப் பற்றரியின் இரண்டு முனையையும் ஒரு வளையல் தொட்டால் அது சிவக்கச் சூடாகும், கையோடு சேர்ந்து. மீற்றரை நேர்மின் வோல்ட்டில் வை. அம்பியர் பக்கம் திருப்பாதே, சாதாரண மீற்றரின் அம்பியர் துளை 10 அம்பியர்தான் தாங்கும். அம்பியர் பார்க்க ஆசையென்றால் நேர்மின்னை அளக்கக்கூடிய கிளாம்ப் மீற்றர் வேண்டும். மாறுமின்னுக்கு மட்டுமான மலிவான கிளாம்ப் இதில் ஒன்றும் காட்டாது.

பெறாமகனை மேலே ஜாய்ஸ்டிக்கில் நிறுத்தி, நீ சொல்லும்போது மூன்று விநாடி மட்டும் பிடிக்கச் சொல். முதலில் பற்றரியின் ஈய முனைகளில் அள. பிறகு மோட்டரில், மின்சாரம் உள்ளே வருகிற தடித்த போல்ட்டிலும் மோட்டரின் எதிர் முனையிலும் அள. ஓடும்போது மோட்டரில் 10.5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, தயாரிப்பாளர்கள் தள்ளுவிசையைக் கணக்கிடுவதும் அநேகமாக அந்த அளவில்தான். இரண்டு இடத்திலும் சேர்ந்து 9, 8 என்று இறங்கினால் பற்றரி தளர்ந்துவிட்டது, அல்லது சார்ஜ் ஏறவில்லை. பற்றரியில் 11.5 நின்று மோட்டரில் 9 மட்டும் வந்தால் நடுவில் யாரோ களவெடுக்கிறார்கள்.

அந்தக் களவைப் பிடிப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மீற்றரின் ஒரு ஊசியை பற்றரியின் ஈய முனையிலேயே குத்து, மற்ற ஊசியை அதே முனையில் இறுக்கியிருக்கிற கேபிள் காதில் வை. இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கிற சாமான்கள், ஓடும்போது பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அங்கே 0.3, 0.4 என்று எழும்பினால் ஒரு கள்வனைப் பிடித்துவிட்டாய். அடுத்து மெயின் சுவிட்ச்சின் இந்தப் பக்கப் போல்ட்டிலிருந்து அந்தப் பக்கப் போல்ட்டுக்கு அள. பிறகு பெரிய பியூஸின் இரண்டு கரைக்கும் இடையில், பிறகு கேபிளின் இரண்டு நுனிக்கும் இடையில். எதிர்முனைக் கேபிளையும் இதே மாதிரி அள. சிவப்புக் கேபிளை மட்டும் பார்த்துவிட்டுக் கறுப்பை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கறுப்பிலும் அதே 300 அம்பியர்தான் திரும்பி வருகிறது.

களிம்பு கண்ட மூட்டைக் கழற்ற முதல் பற்றரியின் எதிர்முனையைப் பிரித்துவிடு. செம்பு மினுங்கும்வரை இரண்டு முகத்தையும் உரஞ்சித் துடை, காதும் போல்ட்டும் நேருக்கு நேர் தொடும்படி இறுக்கு. இடையில் வாஷர் வராது, வாஷர் எப்போதும் நட்டுக்குக் கீழேதான். மேலே கொஞ்சம் கிறீஸ் தடவு. கேபிளின் காதுக்குள் செம்பு கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி, வெள்ளீயம் பூசிய கேபிளில் புதுக் காது போடு. அதற்குரிய அறுகோண அழுத்தி இல்லாமல் சுத்தியலால் அடித்து நசுக்குவது வேலைக்காகாது. கேபிளைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து அழுத்தி வா, பெரிய செலவில்லை.

வோல்ட் குறைவதை அலட்சியம் செய்யாதே என்று இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடம், வலம் என்று மோட்டரைத் திருப்புவதற்கு மேலே சொலினாய்டுகள் இருக்கின்றன. வோல்ட் இறங்கினால் அவை பிடித்துக்கொள்ளப் பலமில்லாமல் டகடகவென்று அடிக்கும். ஒவ்வொரு அடியிலும் உள்ளே தீப்பொறி பறந்து, தொடுமுகம் கருகும் அல்லது ஒட்டிப்போகும். ஒட்டிப்போனால் நீ கையை எடுத்த பிறகும் த்ரஸ்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி நடந்தால் யோசிக்காதே, மெயின் சுவிட்ச்சை நிறுத்து. அதனால்தான் அந்தச் சுவிட்ச், கட்டில் மெத்தைக்கும் பாய்க்கும் கீழே புதைந்திருக்கக் கூடாது. உன் படகில் அது எங்கே என்று இன்றைக்கே போய்ப் பார். வீட்டில் எல்லோருக்கும் காட்டு.

ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது, மறுபக்கம் ஓடவில்லை என்றால் மனம் ஆறுதலாக இரு. பற்றரியும் பெரிய கேபிளும் மோட்டரும் நல்லாகத்தான் இருக்கின்றன, ஓடாத பக்கத்துச் சொலினாய்டையோ அதற்கு வருகிற மெல்லிய கம்பியையோ பார்த்தால் சரி. அந்தப் பக்கம் அமுக்கும்போது க்ளிக் என்று சத்தம் வருகிறதா? வந்தால், சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் இடையில் அள. தொடுமுகம் சேர்ந்தால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பற்றரி வோல்ட் அப்படியே காட்டினால் உள்ளே சேரவில்லை, கருகிவிட்டது. சத்தமே வரவில்லையென்றால் சின்ன முனைகளில் வோல்ட் வருகிறதா பார். வந்தும் சத்தமில்லை என்றால் சுருள் போய்விட்டது. மெயின் சுவிட்ச்சை நிறுத்திச் சின்னக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, இரண்டு சுருளின் தடையையும் ஒப்பிட்டுப் பார், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வோல்ட் வரவேயில்லை என்றால் பேனலுக்குப் போகிற கம்பியின் பிளக்கைக் கழற்றி உள்ளே பார், நங்கூரப் பெட்டியின் ஈரம் முதலில் கடிக்கிற இடம் அதுதான். சொலினாய்டு மாற்றுவதென்றால் சோடியாக மாற்று. கம்பி கழற்ற முதல் நாலு கோணத்தில் போன் படம் எடு.

இரண்டு பக்கமும் க்ளிக் வருகிறது, வோல்ட் மோட்டர்வரை நிற்கிறது, ஆனாலும் அசைவில்லை என்றால் கரித்துண்டுகளைப் பார்க்க வேண்டிய நேரம். படகு நடுக்கடலில் நிற்கிற அவசரமென்றால் ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் மோட்டர் உடம்பில் மெல்லத் தட்டினால் இறுகி நின்ற கரித்துண்டு இறங்கிச் சில நேரம் ஓடும். கரைக்கு வந்து சேர மட்டும்தான் அது. கட்டியதும் மெயின் சுவிட்ச்சை நிறுத்து, மோட்டரின் மேல்மூடியைத் திற. கறுத்த தூள் படர்ந்திருக்கும். அது மின்சாரம் கடத்துகிற கரி, ஈரத்தோடு சேர்ந்தால் மின்கசிவுக்கு வழி. காற்றடித்து ஊதாதே, மூலை முடுக்கெல்லாம் போய் அடையும். வாக்கும் கிளீனரால் உறிஞ்சி எடு, முகமூடி போட்டுக்கொள். ஒவ்வொரு கரித்துண்டும் தன் கூட்டுக்குள் விரலால் தள்ள வழுக்கிப் போய் ஸ்பிரிங்கால் திரும்பி வர வேண்டும். சிக்கினால் கூட்டைத் துடை. கைநூலில் சொன்ன நீளத்துக்குக் குறைந்திருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்று. அவை தேய்கிற செம்பு உருளை சீரான கபில நிறமாக இருந்தால் அதைத் தொடாதே. கருகிக் கோடு விழுந்திருந்தால் மெல்லிய கண்ணாடி அரத்தாளால் உரஞ்சு. எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் செம்புக் கீற்றுகளுக்கு நடுவில் தங்கிக் கேடு செய்யும்.

மோட்டர் கூவுகிறது, படகு அசையவில்லை என்றால் வேறு கதை. உடனே விரலை எடு. கீழே குறுக்குக் குழாய்க்குள் கயிறோ கட்டையோ சிக்கி, மோட்டரைக் காப்பாற்றுவதற்காக வைத்த முறியும் ஊசியோ இணைப்போ உடைந்திருக்கும், சில வேளை காற்றாடியே கழன்று போயிருக்கும். சுமையில்லாமல் ஓடினால் இந்த வகை மோட்டர்களில் பல, வேகம் கட்டில்லாமல் ஏறித் தங்களைத் தாங்களே சிதைத்துக்கொள்ளும். கரையில் தூக்கி வைத்த படகில் “ஓடுதா பார்ப்போம்” என்று அமுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். குழாய்க்குள் கைவிட முதல் மெயின் சுவிட்ச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பியூஸையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடு.

பலம் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, வோல்ட் சரியாக இருக்கிறது என்றால் குழாய்க்குள் சிப்பி வளர்ந்திருக்கும். காற்றாடியின் இலையில் ஒட்டின சின்னச் சிப்பியே தள்ளுவிசையைத் தின்றுவிடும். வசந்தத்தில் படகை இறக்க முதல் சுரண்டி, பாசித் தடுப்பு மை பூசு. காற்றாடித் தண்டின் சீலிலும் துத்தநாகத்திலும் மட்டும் மை படக் கூடாது. மை பூசின துத்தநாகம் கரையாது. அது கரையாவிட்டால் கியர்க்கால் கரையும். துத்தநாகத்தை வருடத்துக்கு ஒருமுறை மாற்று. கியர்க்காலுக்கு எண்ணெய்க் குடுவை உள்ள வகையென்றால் எண்ணெயின் நிறத்தைப் பார், பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகக் கடல்நீர் புகுந்துவிட்டது. சீல் மாற்றுவதையும் குழாயைச் சுற்றிக் கண்ணாடியிழை வெடிப்புக் கண்டால் அதை ஒட்டுவதையும் படகுப் பட்டறைக்கு விடு. தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் கற்றுக்கொள்ளப் போகாதே.

பின்பக்கத்தில் த்ரஸ்டர் இருந்தாலும் முறை இதுதான். ஆனால் பெற்றோல் என்ஜின் படகில் பின்பக்கப் பெட்டிக்குள் பெற்றோல் ஆவி தங்கலாம், கரித்துண்டு மோட்டர் தீப்பொறி விடும். அங்கே தீப்பொறி வெளிவராத வகையில் செய்த மோட்டரும் சொலினாய்டும் மட்டுமே பூட்டலாம். மலிவென்று வேறு எதையும் வாங்கி மாட்டாதே. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

உதிரிப்பாகம் வாங்கும்போது மோட்டரில் ஒட்டியிருக்கிற தொடர் எண்ணைச் சொல்லி வாங்கு. நோர்வேயில் இருக்கிற எங்களுக்கு இதில் ஒரு வசதி, 1908 இல் தொடங்கின, த்ரஸ்டர் செய்கிற ஸ்லெய்ப்னர் நிறுவனம் ஃபிரெட்ரிக்ஸ்டாட்டில்தான் இருக்கிறது. உன்னுடையது நெதர்லாந்து வேட்டஸோ வேறெதுவோ என்றாலும், அந்த வகைக்கான கைநூலைத் தேடி எடுத்துப் படகிலேயே வை. பெரிய பியூஸ் ஒன்று, முறியும் ஊசி இரண்டு, கரித்துண்டு ஒரு செற், துத்தநாகம் ஒன்று. இவ்வளவும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கும்.

ஒக்டோபரில் படகை ஏற்றும்போது அணியத்துப் பற்றரியை நிறையச் சார்ஜ் போட்டு, கேபிளைக் கழற்றி விடு. இறங்கிப்போன ஈயப் பற்றரி மைனஸ் 10 பாகை அளவிலேயே உறைந்து வெடிக்கும், நிறைந்த பற்றரி மைனஸ் 50இலும் உறையாது. வசந்தத்தில் படகு தண்ணீருக்கு இறங்கினதும் முதல் வேலையாக அந்த மூன்று விநாடிச் சோதனையைச் செய். திகதி, சும்மா இருக்கும்போது வோல்ட், ஓடும்போது பற்றரியில் வோல்ட், ஓடும்போது மோட்டரில் வோல்ட் என்று நாலையும் த்ரஸ்டர் பெட்டி மூடியின் உட்புறத்தில் அழியாத பேனையால் எழுது. போன வருடம் 10.9, இந்த வருடம் 10.4 என்றால் யூன் வருவதற்குள் எந்த மூட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று உனக்கே விளங்கும்.