கொல்லர் வீட்டு ஸ்மித்

எங்கள் லண்டன் கிளை மேலாளர் பெயர் ஜான் ஸ்மித். கடிதத்தில் 'மிஸ்டர் ஜான்' என்று எழுதலாமா? ஸ்மித் என்றால் கொல்லர் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஈரோடு

'மிஸ்டர் ஸ்மித்' என்றே எழுதுங்கள். மிஸ்டருக்குப் பின்னால் குடும்பப் பெயர்தான் வரும். அவர் பதிலில் 'ஜான்' என்று மட்டும் கையெழுத்திட்டால், அடுத்த கடிதத்தில் நீங்களும் தயங்காமல் 'ஜான்' என்று எழுதலாம். அங்கே அது மரியாதைக் குறைவில்லை.

கொல்லர் என்பது உண்மைதான். இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு மெல்லப் பரவி, 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலோரிடம் நிலைத்தன. ஊரில் ஜான்கள் பலர் இருப்பார்கள், உலைக்களம் பெரும்பாலும் ஒன்றுதான். 'கொல்லர் ஜான்' என்றால் ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடும். உழவர்களோ ஊர் முழுக்க இருந்தார்கள். தொழிலைச் சொல்லி அவர்களை அடையாளம் காட்ட முடியவில்லை. இப்படி ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்ததால்தான் ஸ்மித் இன்று இங்கிலாந்தில் முதலிடத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டு ஸ்மித்களைக் கண்டால் சொந்தக்காரர்களா என்று கேட்காதீர்கள்.

அமெரிக்க ஸ்மித் என்றால் கதை வேறு. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஷ்மிட்கள் பலர் அங்கே ஸ்மித் ஆனார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களில் பலருக்கும் இதே பெயர் உண்டு.