கிணறு வெட்டிய கைகளில் துடுப்பு

எங்கள் வளவில் ஆறேழு அடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். ஒருபுறம் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி. இப்படியான ஊரில் பிறந்த நமக்கு, படகோட்ட வீரர் தத்து பாபன் போகனலின் கதை சற்று விசித்திரமாகத் தோன்றும்.

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், நாசிக் மாவட்டத்திலுள்ள தலேகாவ் ரோஹி அவருடைய கிராமம். வறண்ட பூமி. தந்தையோடு சேர்ந்து கிணறு வெட்டுவதே சிறுவயதில் அவருக்குத் தொழில். 2011இல் தந்தை காலமானார். மறுவருடம் இராணுவத்தில் சேர்ந்தார். அவரது உயரத்தையும் உடல்வலுவையும் கண்ட பயிற்றுநர்கள் அவரைப் படகில் ஏற்றினார்கள். ஆரம்பத்தில் தண்ணீரென்றால் அவருக்குப் பயம்.

மாணவிகளே, இந்த விளையாட்டைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். ஒற்றையர் போட்டியில் ஒருவர், இரண்டு துடுப்புகள், 2000 மீற்றர் தூரம். நமது தோணிக்காரர் போகும் திசையைப் பார்த்தே கம்பு ஊன்றுவார். இவர்களோ அத்திசைக்கு முதுகு காட்டி அமர்கிறார்கள். கடந்துவந்த தண்ணீரும் பின்தங்கியவர்களும்தான் கண்ணில் படுவர். முந்திப் போனவரைப் பார்க்கத் திரும்ப வேண்டும், திரும்பினால் வேகம் குறையும். இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் வழுக்கும். பாதங்கள் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். பலரும் கைவலு என்று நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் உந்துவது கால்கள், பிறகு முதுகு, கடைசியில்தான் கைகள். கிணற்றடியில் மண்கூடை தூக்குபவருக்கு இது புதிதல்ல.

2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே படகோட்ட வீரர் அவர்தான். அந்நாட்களில் அவருடைய தாயார் விபத்தொன்றில் தலையில் அடிபட்டு, மகனையே அடையாளம் காணாத நிலையில் இருந்தார். காலிறுதியில் முதல் மூவருக்கே அரையிறுதி. தத்து நான்காவதாக வந்தார். பின் 13ஆம் இடம் முதலானவற்றைத் தீர்மானிக்கும் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். பதக்கமில்லாத ஓட்டம் அது. அதையும் அவர் முழுமூச்சாக வலித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

2018 ஆசிய விளையாட்டு, இந்தோனேசியாவின் பாலெம்பாங். நோயுற்ற உடலோடு ஒற்றையர் இறுதியில் ஆறாவதாக, அதாவது கடைசியாக வந்தார். மறுநாள் சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் படகில் தங்கம்.

பெற்றோருக்கும் ஒரு செய்தி. ஒலிம்பிக் படகோட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1976இல்தான். அப்போதும் அவர்களுக்குப் பாதித் தூரமே, 1000 மீற்றர். 1988இல்தான் 2000 ஆக்கினார்கள்.

இதைப் படிப்பித்த அன்று, "வாவியில் தோணி ஏறியவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றேன். மூன்று கைகள். அறுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த நீளமுள்ள வாவி, வீட்டுக்குப் பின்னால். சிரிக்க எனக்கும் தகுதியில்லை. என் வாப்பா வாவியில் மீன் பிடித்தவர். காக்காவைத் தோணியில் கூட்டிப்போவார். நான் கரையில் நிற்பேன். தோணியை விற்று வெகுகாலம் சென்றபின் கேட்டேன்: "என்ன மட்டும் ஏன் ஒரு நாளும் ஏத்தல்ல, வாப்பா?"

"நீ கேக்கல்லியே மகள்" என்றார்.