நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஆசாரத்துச் சுவரில் ஒரு காவியம்

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே, தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய ஊரில் என் அம்மிச்சி வீடு. ஆசாரத்துச் சுவரில் கண்ணாடி போட்ட சாமி படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அதில் ஒன்றைப் பார்க்கவே எனக்குப் பயம். ராவணன் ஒரு கையால் சீதையை இறுக்கிப் பிடித்திருப்பான். மறு கையில் ஓங்கிய வாள். சிறகு அறுந்த ஜடாயு காற்றில் சரிந்துகொண்டிருக்கும். சீதை பார்க்கச் சகிக்காமல் முகத்தை மூடியிருப்பாள்.

"சீதைய அவன் தொட்டுத்தான் தூக்கிட்டுப் போனானா அம்மிச்சி?" என்று கேட்டேன்.

"படத்துலயே இருக்குதல்ல சாமி" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பல வருடம் போதுமானதாக இருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இன்றைக்கும் அதுதான் பதில். கதையைப் பாட்டாகக் கேட்டவர்கள் குறைந்துவிட்டார்கள். படத்தைப் பார்த்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அதனால் படத்தைப் பற்றிய சில நம்பிக்கைகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: படத்தில் இருப்பதுதான் காவியத்தில் இருப்பது.

அந்த ஜடாயு படம் ராஜா ரவி வர்மா வரைந்தது. அதில் உள்ளது வால்மீகி சொன்ன கதை. வால்மீகியில் ராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்கி மடியில் வைத்துத் தேரேறுகிறான். ஜடாயு அந்தத் தேரை நொறுக்குகிறது. அதன் பிறகு அவன் தேரில்லாமல் அவளைச் சுமந்தபடி வானில் எழுகிறான். படத்தில் தேர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

கம்பன் இதை ஏற்கவில்லை. விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் உயிர் போகும் என்ற சாபம் ராவணன் மேல் இருக்கிறது. ஆகவே பர்ணசாலையை அது நின்ற மண்ணோடு பெயர்த்து எடுக்கிறான். விரல் நுனிகூடச் சீதை மேல் படவில்லை. இது போகிற போக்கில் செய்த மாற்றம் அல்ல. பின்னால் அசோகவனத்தில் அனுமன் சீதையைப் பார்க்கும் இடம், அவள் வந்து சேர்ந்த முறைக்குச் சாட்சியாக அந்தப் பர்ணசாலை அங்கேயே இருப்பது எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளைக்கின்றன.

நம் கொங்கு நாட்டுக்கே ஒரு ராமாயணம் உண்டு. சங்ககிரி எம்பெருமான் கவிராயர் தக்கை என்னும் தோற்கருவிக்கு இசையப் பாடிய தக்கை ராமாயணம். அதுவும் கம்பனைப் பின்பற்றிச் சுருக்கிப் பாடிய நூல்தான். ஆக, காதில் கம்பனைக் கேட்ட வீட்டில், கண்ணெதிரே வால்மீகியை மாட்டி வைத்திருந்தோம். இரண்டும் ஒன்றுதான் என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. வால்மீகியின் ராவணனுக்கு அந்தச் சண்டையில் இருபது கைகள். ஜடாயு இடப்பக்கத்துக் கைகள் பத்தையும் பிய்த்து எறிய, அவை மறுபடி முளைக்கின்றன. ரவி வர்மாவின் ராவணனுக்கு ஒரே தலை, இரண்டே கைகள். அவர் அறியாமல் விட்டதாக நான் நினைக்கவில்லை. எண்ணெய் வண்ணத்தில் சதையும் நரம்புமாக ஒரு மனிதனை நம்பும்படி வரையத் தொடங்கிய பிறகு, இருபது கைகளை எங்கே பொருத்துவது? கைகளை விட்டுவிட்டு ஆத்திரத்தை வைத்துக்கொண்டார். அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

லட்சுமணன் கிழித்த கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலண்டரிலும் தொலைக்காட்சித் தொடரிலும் பார்த்துப் பழகிய அந்தக் கோடு வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. தெலுங்கு ரங்கநாத ராமாயணம் போன்ற பிற்காலப் பிறமொழி ராமாயணங்களில் இருக்கிறது.

நம்பிக்கை: வெள்ளைக்கார ஓவியர்கள் அவர்களுடைய காவியத்தை உள்ளது உள்ளபடி வரைந்தார்கள். நம்மவர்கள்தான் இஷ்டத்துக்கு மாற்றினார்கள்.

இதைப் படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

ரோமானியர்களின் பெருங்காவியம் வெர்ஜில் பாடிய ஈனியட். எரியும் டிராய் நகரிலிருந்து தப்பும் ஈனியாஸ், கிழத்தந்தை அங்கைசிஸைத் தோளில் சுமக்கிறான். சிறு மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறான். மனைவி கிரியூசா பின்னால். போர் செய்து ரத்தம் தோய்ந்த கையால் வீட்டுத் தெய்வங்களைத் தொடக்கூடாது என்பதற்காக, "நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் அப்பா" என்று தந்தை கையில் அவற்றைக் கொடுக்கிறான். ஊர் பெயர்ந்து போகும்போது குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துப் போகிற நமக்கு இந்த இடம் எந்த விளக்கமும் இல்லாமல் புரியும்.

இத்தாலிய ஓவியர் ஃபெடெரிகோ பரோச்சி 1598இல் இந்தக் காட்சியை வரைந்தார். ரோமில் போர்கீஸ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. தந்தை, தெய்வ உருவங்கள், மகன், மனைவி, நெருப்பு, எல்லாம் வெர்ஜில் சொன்னபடி. ஆனால் பின்னணியில் தெரிகிற வட்டக் கோயிலைப் பாருங்கள். அது ரோம் நகரில் பிரமாந்தே என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. பரோச்சி வரைந்தபோது அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. டிராய் எரிகிறது என்று வரைந்தவர், தன் காலத்து ரோமை எரித்திருக்கிறார்.

எல் கிரேக்கோ இன்னும் ஒரு படி மேலே போனார். கிரேக்கர்கள் விட்டுப்போன மரக்குதிரையை டிராய்க்குள் விடாதீர்கள் என்று எச்சரித்த பூசாரி லவோகூனையும் அவன் பிள்ளைகளையும் கடல் பாம்புகள் சுற்றிக் கொல்லும் காட்சி அது. 1610க்குப் பிறகு வரைந்தது, இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பின்னால் நிற்கும் நகரம் டிராய் அல்ல, அவர் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டு டொலேடோ. நகர வாசலை நோக்கிப் போகும் குதிரையும் மரக்குதிரையாகத் தெரியவில்லை, உயிருள்ள குதிரைபோல நடை போடுகிறது. நம்மூர் ஓவியர் ஒருவர் அயோத்தியை வரைந்து, பின்னால் பவளமலையையும் பாரியூர்க் கோபுரத்தையும் வைத்தால் எப்படி இருக்கும்? அதையேதான் அவர் செய்தார். அதை யாரும் பிழை என்று சொல்லவில்லை.

இந்த லவோகூனை வைத்துத்தான் ஐரோப்பாவில் பெரிய விவாதமே நடந்தது. அவனுடைய பழைய பளிங்குச் சிலை ஒன்று 1506இல் ரோமில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. வெர்ஜிலின் லவோகூன் வெட்டுப்பட்ட காளைபோல அலறுகிறான். சிலையில் அவன் வாய் பாதிதான் திறந்திருக்கிறது. ஏன்? ஜெர்மானியச் சிந்தனையாளர் லெஸ்ஸிங் 1766இல் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். பாட்டில் அலறல் ஒரு வரியில் எழுந்து அடுத்த வரியில் அடங்கிவிடும். கல்லில் செதுக்கிய அலறல் அடங்காது, திறந்த வாய் ஒரு பொந்தாக நின்றுவிடும். கவிஞனுக்குக் காலம் கையில் இருக்கிறது, ஓவியனுக்கும் சிற்பிக்கும் ஒரே ஒரு கணம்தான். எந்தக் கணம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் அவர்கள் திறமை இருக்கிறது என்பது அவர் வாதம். அம்மிச்சி வீட்டுச் சுவரில் ஏன் சிறகு அறுந்த நொடி இருந்தது, அதற்கு முந்தைய சண்டை ஏன் இல்லை என்பதற்கும் இதுதான் விடை.

மரக்குதிரைக் கதை ஹோமரின் இலியத்தில் வருகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. இலியத், டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியில் குதிரை சுருக்கமாக வருகிறது. ஓவியர்களுக்கு அதை விரிவாகக் கொடுத்தது வெர்ஜில்தான்.

நம்பிக்கை: ரவி வர்மா ஐரோப்பா போய்ப் படித்துவந்து நம் சாமிகளுக்கு வெள்ளைக்காரக் களையைக் கொடுத்துவிட்டார்.

அவர் கடல் கடந்து போனதே இல்லை. 1848இல் கிளிமானூரில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வளர்ந்து, அங்கே மதுரையிலிருந்து வந்திருந்த ராமசாமி நாயக்கர் போன்ற ஓவியர்களைப் பார்த்தும், 1868இல் வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் வரைவதைப் பக்கத்தில் நின்று கவனித்தும் எண்ணெய் வண்ணத்தைப் பழகினார். 1873இல் வியன்னாவிலும் 1893இல் சிகாகோவிலும் பரிசு வாங்கியவை அவர் படங்கள்தான், அவர் போகவில்லை.

பரோடா மன்னர் புராணப் படங்கள் 14 வேண்டும் என்று கேட்டபோது, ராமாயண, பாரதப் பெண்கள் என்ன உடுத்தியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளத் தம்பி ராஜ ராஜ வர்மாவோடு வட இந்தியாவைச் சுற்றினார். பழங்காலத்து உடை எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் தன் காலத்துப் பெண்கள் உடுத்திய சேலையையே சீதைக்கும் தமயந்திக்கும் உடுத்தினார். பரோச்சி பிரமாந்தேயின் கோயிலை வைத்ததுபோலத்தான் இதுவும்.

1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு அந்தப் படங்கள் அரண்மனையை விட்டு எளிய வீடுகளுக்குள் வந்தன. கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதிருந்த மக்களின் குடிசைக்குள்ளும் லட்சுமியும் சரஸ்வதியும் வந்து அமர்ந்தார்கள். இதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தெற்கே அந்த வழியில் வந்தவர் சி. கொண்டையராஜு. திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டியவர், கோவில்பட்டியில் தங்கிச் சிவகாசிக் காலண்டர்களுக்கு வரைந்தவர். 1976இல் காலமானார். இன்று 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்று நாம் கும்பிடுகிற முருகன் முகம் பல வீடுகளில் அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முகம்.

நம்பிக்கை: காவியம் என்றால் வடக்கேயும் மேற்கேயும்தான். நம்ம பக்கத்தில் இருப்பது வெறும் கூத்து.

இந்த நம்பிக்கைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நம் கொங்கு நாட்டு அண்ணமார் கதை, பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் பெருங்கதை. உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது அதைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக அது நூலாக வந்தது. அதற்கு முன்பே சக்திக்கனல் இதைத் தமிழில் பதிப்பித்திருந்தார்.

படம் என்று வரும்போது இங்கும் அதே கதைதான். சுதைச் சிற்பத்திலும் சுவரொட்டியிலும் பொன்னரும் சங்கரும் கிரீடம் வைத்துக் குதிரைமேல் இருப்பார்கள். 2011இல் வந்த 'பொன்னர் சங்கர்' திரைப்படம் அரண்மனையும் படையுமாக அவர்களை அரசகுமாரர்களாகவே காட்டியது. பாட்டில் அவர்கள் வேளாண் குடி. அவர்கள் தாத்தா சோழனிடம் நிலம் பெற்றுக் காடு திருத்தி ஏர் பூட்டியவர். தந்தை குன்னுடையான் பட்ட பாடும், பிள்ளைவரம் கேட்டுத் தாய் தாமரை இருந்த தவமும் கதையில் விரிவாக வருகின்றன. கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வெல்ல வழி செய்வது பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெட்டை நாய். சகோதரர் இருவரும் மாண்ட படுகளத்துக்குத் தேடிப்போய், அவர்களைச் சற்று நேரம் எழுப்பிப் பேசிவிட்டு வருபவள் தங்கை அருக்காணி. அவளைத் தனியாக, அந்தக் களத்தில், ஒரு நொடி நிறுத்தி வரைந்த படம் நம் வீட்டுச் சுவர்களில் உண்டா? நான் பார்த்த வீடுகளில் இல்லை. கார்த்தேஜ் ராணி டிடோ ஈனியாஸை இழந்து உயிர்விடும் கணத்தை ஐரோப்பிய ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அருக்காணியின் துக்கம் அதற்குக் குறைந்ததல்ல.

பிரெண்டா பெக்கின் முயற்சியில், ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகம் வரைந்து இந்தக் கதை 26 பகுதி அசைபடமாகவும் வந்திருக்கிறது. அதில் ஏரும் இருக்கிறது, நாயும் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம்.

அம்மிச்சி வீட்டை இடித்துக் கட்டியபோது அந்த ஜடாயு படம் எங்கே போனது என்று யாருக்கும் நினைவில்லை. உங்கள் வீட்டில் பழைய கண்ணாடிப் படங்கள் இருந்தால், பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறக்கும்போது கரையான் அரித்ததென்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கீழ் ஓரத்தில் பாருங்கள். ரவி வர்மா அச்சகம், கார்லா, லோனாவ்லா என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கலாம். இருந்தால் பத்திரப்படுத்துங்கள். படத்துக்குப் பின்பக்கம், அதை யார், எந்த வருடம் வீட்டுக்கு வாங்கி வந்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி ஒட்டி வையுங்கள்.