32 கேபிக்குள் திணறும் பிபிசி மைக்ரோ

கேள்வி: பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். 32 கேபி மெமரி போதவில்லை. கூட்ட முடியுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தாராளமாக. 1984-இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த மாடல் அது. காப்பாற்றி வைத்திருக்கிறீர்களே, சபாஷ்!

திரை மோடு 0, 1, 2 மூன்றிலும் திரைக்கே 20 கேபி போய்விடும். எழுத்து மட்டும் போதுமென்றால் மோடு 7-க்கு மாறுங்கள்; அதற்கு 1 கேபிதான். செலவே இல்லை.

படமும் வரைய வேண்டுமா? ஏரீஸ் பி20 போன்ற 'ஷேடோ ராம்' போர்டு தேடுங்கள். புராசஸரான 6502 சிப்பைக் கழற்றி, அந்த சாக்கெட்டில் போர்டைச் செருகி, சிப்பை அதன்மேல் பொருத்த வேண்டும். திரையின் 20 கேபி சுமையை போர்டு ஏற்றுக்கொள்ளும். உங்கள் புரோகிராமுக்கு இடம் விரியும்.

ஆனால் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே, நல்ல ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து பவர் சப்ளையிலுள்ள பழைய கெப்பாசிட்டர்களை மாற்றிவிடுங்கள். விரிசல் விட்டவை வெடித்துப் புகையும்.