நஞ்சுக்கொடி வெறும் குழாய் அல்ல

தாயின் ரத்தமேதான் கருவுக்குள்ளும் ஓடுகிறது, அதைக் கொண்டுசேர்க்கும் குழாய்தான் நஞ்சுக்கொடி என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் வில்லியம் ஹன்டர், ஜான் ஹன்டர் சகோதரர்கள், கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் ரத்தக் குழாய்களில் மெழுகைச் செலுத்திப் பார்த்து, இரண்டு ரத்த ஓட்டங்களும் தனித்தனி என்று காட்டிவிட்டார்கள். மனிதரில் தாயின் ரத்தம் நஞ்சுக்கொடியின் நுண்விழுதுகளை நனைத்தபடி பாய்கிறது. குழந்தையின் ரத்தம் அவ்விழுதுகளுக்குள் ஓடுகிறது. நடுவே மெல்லிய திசுச் சுவர். அப்படியானால் ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையால் சிக்கல் வருவது எப்படி என்று கேட்கலாம். பெரும்பாலும் பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் சிறிது தாய்க்குள் கசிகிறது. அந்தச் சொற்பக் கசிவையே அந்நியமாகக் கண்டு தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்றால், இரண்டும் வழக்கமாகக் கலப்பவை அல்ல என்றுதானே பொருள்?

குழாய் இல்லை, வடிகட்டி என்று வைத்துக்கொண்டாலும் போதாது. வடிகட்டி எதையும் தின்பதில்லை, எதையும் மாற்றுவதுமில்லை. செம்மறி ஆட்டில் தாயின் ரத்தத்திலிருந்து கருப்பை எடுக்கும் குளுக்கோஸில் பாதிக்கு மேல் அப்படியே கருவைச் சென்றடைவதில்லை. கருப்பையும் நஞ்சுக்கொடியுமே அதைச் செலவழிக்கின்றன. ஒரு பகுதியை நஞ்சுக்கொடி லாக்டேட்டாகவும் ஃபிரக்டோஸாகவும் மாற்றி அனுப்புகிறது. அதனால்தான் கருவிலிருக்கும் ஆட்டுக்குட்டி, கன்று ஆகியவற்றின் ரத்தத்தில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம். தாயின் ரத்தத்திலோ அது மிகச் சொற்பம். அமினோ அமிலங்களில் பல தாயிடம் இருப்பதைவிடக் கருவிடம் செறிவாக இருக்கின்றன. செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு அவை தாமாகப் போவதில்லை. நஞ்சுக்கொடி ஆற்றலைச் செலவிட்டு ஏற்றுகிறது. இவ்வளவு செய்யும் உறுப்பு கெடுதலையும் தடுத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. மது எளிதாகக் கடந்துபோகிறது.

இன்னொரு தவறான எண்ணம் அறிவியல் வட்டாரத்திலேயே நெடுங்காலம் இருந்தது. 1909இல் ஓட்டோ குரோசர் தாய்க்கும் சேய்க்கும் இடையிலுள்ள திசு அடுக்குகளை எண்ணி நஞ்சுக்கொடிகளை வகைப்படுத்தினார். பசு, குதிரை, பன்றி ஆகியவற்றில் அடுக்குகள் அதிகம், நாய், பூனையில் குறைவு, மனிதரில் இன்னும் குறைவு. அடுக்கு குறையக் குறைய உணவு நன்றாகப் போகும், ஆகவே மனிதருடையதே உயர்ந்தது என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் குதிரைக் குட்டி பிறந்த ஓரிரு மணி நேரத்திலேயே எழுந்து நிற்கிறது. ஊட்டம் குறைந்த பிறவியா அது? இவ்விலங்குகளில் மடிப்புகள் பரப்பைப் பெருக்குகின்றன. நுண்குழாய்கள் திசுவுக்குள் நெருங்கி வந்து இடைவெளியைக் குறைக்கின்றன. ரத்தத்தின் வழியே கடக்க முடியாதது வேறு வழியில் வருகிறது. பன்றியில் கருப்பைச் சுரப்பிகள் இரும்பைப் புரதத்தோடு சேர்த்துச் சுரக்க, கருவின் உறை அதை உறிஞ்சுகிறது. நாயில் நஞ்சுக்கொடியின் விளிம்பில் தேங்கும் தாயின் ரத்தத்தைக் கருவின் திசு விழுங்கி இரும்பை எடுக்கிறது. குட்டி வெளிவந்தபின் காணும் பச்சைக் கசிவு, அங்கே சிதைந்த ரத்தத்தின் நிறம்தான்.

பசுவின் நஞ்சுக்கொடி செய்யாத வேலை ஒன்று உண்டு. கால்நடை வளர்ப்போருக்கு மிகவும் முக்கியமானது அதுவே. மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன. கன்றுக்கு அநேகமாக எதுவுமே கிடைப்பதில்லை. சீம்பாலை நம்பித்தான் அது பிறக்கிறது. எதிர்ப்பொருளை முழுதாக உறிஞ்சும் திறன் கன்றின் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. நஞ்சு விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று கன்றைப் பட்டினி போடும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. நஞ்சு விழ 12 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் அந்த வாய்ப்பில் பெரும்பகுதி போய்விடும். முன்னதாகக் குடித்தால் நஞ்சு தங்கிவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படையில்லை. கன்று முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்கவே வைக்கிறது. பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் கன்றின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும், நஞ்சு விழுந்தாலும் விழாவிட்டாலும்.