அதே மாதிரி இன்னொரு கேம் வேண்டுமா?

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பத்து வயது. விடுமுறைக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, என் லேப்டாப்பில் இருந்த ‘ஸ்ட்ரே’ என்ற கேமைத் திறந்து உட்கார்ந்தாள். நான்கு நாட்களில் முடித்துவிட்டு, “மாமா, இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் கொடுங்க” என்றாள். சாப்ட்வேர் வேலை பார்ப்பவனுக்கு இது இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் அழுகையும் நடந்தது. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும் என்பதால், நான் எங்கே தவறினேன், பிறகு எப்படித் தேடினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்ட்ரே பற்றி. பிரான்சில் உள்ள ப்ளூட்வெல்வ் ஸ்டூடியோ தயாரித்து, 2022 ஜூலையில் வெளியான கேம் இது. நீங்கள் ஒரு ஆரஞ்சு நிறப் பூனை. கூட்டத்தைப் பிரிந்து, மனிதர்கள் இல்லாமல் ரோபோக்கள் மட்டும் வாழும் ஒரு மூடிய நகரத்துக்குள் விழுந்துவிடுகிறீர்கள். அங்கிருந்து மேலே ஏறி வெளியே போக வேண்டும். பி-12 என்ற சிறிய டிரோன் துணைக்கு வருகிறது. துப்பாக்கி பெரும்பாலும் கிடையாது. கத்துவதற்கென்றே ஒரு கீ இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் ‘மியாவ்’ சொல்லலாம். ஹாங்காங்கில் இருந்து, 1993-94ல் இடிக்கப்பட்ட கவ்லூன் மதில் நகரத்தைப் பார்த்துத்தான் இந்த நகரத்தை வடிவமைத்தார்கள். ஓட்டைக் குழாய், துணிக்கொடி, ஏ.சி. பெட்டி என்று எதன் மீதும் தாவலாம்.

இதைப் போல இன்னொன்று என்றால் என்ன செய்வோம்? கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஸ்ட்ரே பக்கத்தைத் திறந்தால், கீழே ‘இதைப் போன்றவை’ என்று ஒரு வரிசை இருக்கும். இத்தகைய பரிந்துரைகள் பொதுவாக இரண்டு வழிகளில் தயாராகின்றன. ஒன்று, டேக் எனப்படும் அடையாளச் சொற்கள். விளையாடுபவர்களே ஒரு கேமுக்கு ‘பூனை’, ‘சாகசம்’, ‘சைபர்பங்க்’ என்று சொற்களை ஒட்டலாம். 2014ல் ஸ்டீம் இந்த வசதியைக் கொண்டு வந்தது. இரண்டு கேம்களுக்குப் பொதுவான சொற்கள் அதிகமாக இருந்தால் அவை ஒத்தவை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். மற்றொன்று, ஆட்களை ஒப்பிடுவது. 2020 முதல் முழுமையாகக் கிடைக்கும் ‘இன்டராக்டிவ் ரெகமண்டர்’ இந்த வகை. யார் எந்த கேமை எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்பதை மட்டும் பார்த்து, உங்களைப் போல விளையாடியவர்கள் வேறு எதை விளையாடினார்கள் என்று சொல்லும்.

இரண்டாவது வழி எனக்கு உடனே கை கொடுக்காமல் போனது. காரணம் என் அக்கவுண்ட். கல்லூரி நாட்களில் இருந்து நான் சுட்டுத் தள்ளிய மணி நேரங்கள் எல்லாம் அதில் பதிவாகி இருந்தன. பத்து வயதுப் பெண்ணுக்கு கேம் கேட்டால் அது எனக்குப் போர்க்களங்களைக் காட்டியது. வீட்டில் ஒரே அக்கவுண்டை எல்லோரும் பயன்படுத்தினால் இப்படித்தான் நடக்கும்.

எனவே டேக் வழியில் இறங்கினேன். ‘விலங்கு’, ‘சூழல்’, ‘சாகசம்’ என்று போட்டதும் வந்தது ‘ஷெல்டர்’. சுவீடனைச் சேர்ந்த மைட் அண்ட் டிலைட் 2013ல் வெளியிட்டது. தாய் வளைக்கரடி ஒன்று ஐந்து குட்டிகளைக் காட்டு வழியே அழைத்துப் போக வேண்டும். வண்ணத்தாள் வெட்டி ஒட்டியது போன்ற அழகான படங்கள். விலை குறைவு, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். வேறு எதுவும் பார்க்காமல் வாங்கிக் கொடுத்தேன்.

மாலையில் அக்கா போன் செய்தாள். “என்னடா கொடுத்தே அவளுக்கு? சாப்பிட மாட்டேங்கறா.” விஷயம் இதுதான். அந்த கேமில் குட்டிகளுக்கு நாம் இரை தேடித் தர வேண்டும். பசித்த குட்டியின் நிறம் வெளிறிக்கொண்டே வரும். வெட்டவெளியில் கழுகு தூக்கிக்கொண்டு போகும். போன குட்டி போனதுதான். மற்றவற்றோடு கதை தொடரும். அவள் இரண்டு குட்டிகளை இழந்திருந்தாள். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பூனை அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய் அந்தக் குட்டிகளை எண்ணி விட்டு வந்திருக்கிறாள்.

ஷெல்டர் மோசமான கேம் இல்லை. பெரியவர்கள் அவசியம் விளையாடிப் பார்க்க வேண்டியது. தவறு தேர்ந்தெடுத்த என்னுடையது.

சாவு வரும் கதைகள் அவளுக்குப் புதிது அல்ல. பக்கத்தில் திருவானைக்காவல். யானையும் சிலந்தியும் சிவலிங்கத்தைப் பூஜித்து, ஒன்றோடு ஒன்று சண்டையிட்டு இரண்டும் இறந்துபோன கதையைப் பாட்டி எத்தனையோ முறை சொல்லி இருக்கிறார். சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாத கோயில்களைக் கட்டியது வரை அவளுக்கு அத்துப்படி. அதற்கெல்லாம் அவள் அழுததில்லை. இதற்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். “அது கதை மாமா. இதுல நான்தானே விட்டுட்டேன்” என்றாள்.

கேம் தேடும்போது நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. சினிமா, கதைப் புத்தகம் எல்லாவற்றிலும் பார்ப்பவர் வெளியே இருக்கிறார். கேமில் கீ அவர் கையில் இருக்கிறது. எனவே ‘யாரைப் பற்றிய கேம்’ என்பதை விட ‘இதில் என் கை என்ன செய்கிறது, தவறினால் என்ன ஆகிறது’ என்பதே இரண்டு கேம்களின் ஒற்றுமையைத் தீர்மானிக்கிறது. ‘விலங்கு’ என்ற டேக் அட்டைப்படத்தைத்தான் சொல்கிறது.

மறுநாள் ஸ்ட்ரேயை மீண்டும் திறந்து, அவள் விளையாடுவதை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஸர்க் என்ற சிறிய பூச்சிகள் கூட்டமாகத் துரத்தும் இடம் வந்ததும் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள், “இதை நீங்க தாண்டிக் கொடுங்க.” ரோபோக்களின் குடிசைப் பகுதிக்கு வந்ததும் பிடுங்கிக்கொண்டாள். அங்கே கிடார் வாசிக்கும் ரோபோவுக்கு இசைத் தாள்கள் தேடித் தரலாம், மொத்தம் எட்டு. பின்னல் போடும் பாட்டி ரோபோவுக்கு மின் கேபிள் கொண்டு வந்தால் அவர் ஒரு போர்வையாடை பின்னித் தருவார். சோபாவைப் பிறாண்டலாம். தலையணையில் சுருண்டு படுத்தால் கேமரா மெல்லப் பின்னால் போகும். கதை நகர வேண்டிய அவசரமே அவளுக்கு இல்லை. “இது நம்ம தெரு மாதிரியே இருக்கு” என்றாள் நடுவில். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு மதில் சுற்றுகளில் வெளிச் சுற்றுகளுக்குள் வீடும் கடையும் வண்டியுமாக மக்கள் குடியிருக்கும் ஊரில் வளர்கிறவள். உத்தர வீதியில் இருந்து சித்திரை வீதி, அங்கிருந்து அடையவளைந்தான் வீதி என்று மதிலைத் தாண்டித் தாண்டித்தான் அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.

தாளில் வந்தது இவ்வளவுதான்: சுற்றித் திரிய ஒரு சிறிய ஊர், உயரத்துக்கு ஏறுவது, ஆட்களுக்குச் சின்ன உதவிகள், துரத்தல் வேண்டாம், சாவு வேண்டாம். பூனை என்று எழுதத் தோன்றவே இல்லை.

இப்போது ஸ்டீம் தேடலில் ‘பூனை’யை எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்ப்ளோரேஷன்’, ‘ரிலாக்சிங்’ என்ற டேக்குகளைத் தேர்ந்தெடுத்தேன். ‘ஹாரர்’ டேக்கை விலக்கினேன்; வேண்டாத டேக்குகளைத் தேடலில் இருந்து நீக்க வசதி உண்டு.

அடுத்த தடை அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். விடுமுறை முடிந்ததும் என் லேப்டாப் என்னோடு வந்துவிடும். ஸ்ட்ரேக்குக் குறைந்தபட்சம் 8 ஜி.பி. ராம் மெமரியும், ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 650 டி.ஐ. அளவிலான, 2 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் சிறிய கட்டத்தில் ‘டி.எக்ஸ்.டயாக்’ என்பதன் ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். முதல் டேபில் பிராசசரும் மெமரியும் தெரியும். ‘டிஸ்பிளே’ டேபில் கிராபிக்ஸ் விவரம் தெரியும். அங்கே இன்டெல் என்ற பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் உங்களிடம் தனி கார்ட் இல்லை. அக்கா வீட்டில் அப்படித்தான். இந்த விவரத்தை ஒவ்வொரு கேம் பக்கத்தின் கீழே உள்ள ‘சிஸ்டம் தேவைகள்’ பகுதியுடன் ஒப்பிட்ட பிறகே பணம் கட்டவும்.

இந்தச் சல்லடையில் பலவும் கழன்றன. ‘ஸ்பிரிட் ஆப் தி நார்த்’ நரி வரும் கேம். பேச்சே கிடையாது, சண்டையும் கிடையாது, ஐஸ்லாந்துப் பனி நிலம் கண்ணைப் பறிக்கும். ஆனால் கிராபிக்ஸ் கார்ட் கேட்கிறது. ஊரும் ஆட்களும் இல்லை. ‘நெவர் அலோன்’ 2014ல் வந்தது. அலாஸ்காவின் இன்யூபியாட் பழங்குடியினர் தங்கள் வாய்மொழிக் கதையைத் தாங்களே உடனிருந்து கேமாக்கியது. சிறுமி ஒருத்தி, வெள்ளை நரி, இருவர் சேர்ந்து விளையாடலாம். நடுநடுவே அந்த மக்களே பேசும் குறும்படங்கள் வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த கேம். ஆனால் பாதியில் நரிக்கு நேரும் ஒன்றை நினைத்து, இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று வைத்துவிட்டேன்.

கடைசியில் நின்றது ‘எ ஷார்ட் ஹைக்’. கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ தயாரித்து 2019ல் வெளியானது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஜி.பி.க்கும் குறைவாகவே இடம் பிடிக்கும். கிளேர் என்ற பறவைக்கு ஒரு போன் அழைப்பு வர வேண்டும். மலை உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். அவ்வளவுதான் கதை. வழியில் தங்க இறகுகள் சேர்த்தால் கூடுதல் உயரம் ஏறலாம், பறக்கலாம். எதிரி இல்லை, விழுந்தாலும் சாவு இல்லை. படங்கள் கொஞ்சம் கட்டம் கட்டமாக இருக்கும். அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

வாங்கும் முன், யூடியூபில் கேம் பெயருடன் ‘நோ கமெண்டரி’ என்று சேர்த்துத் தேடி முதல் இருபது நிமிடம் பாருங்கள். விளம்பர டிரைலர் வேகமான இடங்களை மட்டும் காட்டும். ஸ்டீமில் வாங்கியது ஒத்துவராவிட்டால், வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருக்கும்போது பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஷெல்டர் விஷயத்தில் இதையும் தவறவிட்டேன். அக்கவுண்ட் பெற்றோர் பெயரில் இருக்கட்டும். 13 வயதுக்குக் குறைந்தவர்கள் ஸ்டீமில் அக்கவுண்ட் தொடங்க முடியாது. இலவசமாகத் தருகிறோம் என்று அழைக்கும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். அப்படி இறக்கிய கேம் ஒன்றால் என் பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸை முழுவதும் அழித்து மீண்டும் இன்ஸ்டால் செய்தவன் நான்.

இந்தத் தேடலில் அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்ட ‘வெண்பா’. தமிழ்நாட்டில் இருந்து கனடாவில் குடியேறிய ஒரு குடும்பம், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம். 2024ல் பாஃப்டா விருது பெற்றது. விலங்கு எதுவும் கிடையாது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் முதல் புதிர். ஸ்கிரீனில் உள்ள குறிப்பைப் படிக்கும் முன்பே அக்கா விடை சொல்லிவிட்டாள்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. “மாமா, உச்சிக்குப் போயிட்டேன். சிக்னல் கிடைச்சுது.” அந்த அழைப்பில் யார் என்ன பேசினார்கள் என்று முழுவதும் சொன்னாள். இங்கே எழுதினால் நீங்கள் விளையாடும்போது சுவை போய்விடும். மொட்டை மாடிக் குட்டிகள் மூன்றும் நலம் என்றாள்.

அடுத்ததாக விஷ் லிஸ்டில் ‘அன்டைட்டில்ட் கூஸ் கேம்’ இருக்கிறது. ஊரையே வம்புக்கு இழுக்கும் ஒரு வாத்து. மெல்போர்னின் ஹவுஸ் ஹவுஸ் 2019ல் வெளியிட்டது. கத்துவதற்கு இதிலும் தனி கீ உண்டு. விலை குறைந்ததும் ஸ்டீம் மெயில் அனுப்பும், அதற்குத்தான் காத்திருக்கிறோம்.