நிறுத்திய மாத்திரை எது என்று கேளுங்கள்

டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் எல்லோரும் புது மருந்துகளைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். வார்டில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் நான் எதிர்பார்த்த கேள்வி வேறு: "சிஸ்டர், வீட்டுல இருக்கிற பழைய மாத்திரையில எதை விடணும்?" அதைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

ஒரு பெரியவருக்குப் பிரஷருக்காக வீட்டில் ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை மாற்றி, டெல்மிசார்டனும் ஆம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையாகக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அவர் இரண்டையும் போட்டுக்கொண்டார். பெயர் வேறு, நிறம் வேறு; மருந்தும் வேறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கால் வீங்கி, எழுந்தால் தலை சுற்றி, மறுபடி வந்து படுத்தார். மருமகள் கொண்டுவந்த பையைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொரு அட்டையிலும் பொடி எழுத்தில் இருந்த மூலப்பெயரைப் படித்தபோதுதான் இரண்டிலும் ஆம்லோடிபின் இருப்பது புரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் புது மாத்திரை சரியாகவே இருந்தது. பழையதை நிறுத்தச் சொல்லும் ஒரு வரிதான் இல்லை.

சில சம்மரிகளில் 'சி.எஸ்.டி.' என்று மூன்றெழுத்து மட்டும் இருக்கும். அதே சிகிச்சையைத் தொடரவும் என்று அர்த்தம். எந்தச் சிகிச்சை என்று அடுத்த டாக்டருக்கு எப்படித் தெரியும்? மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கத் தயங்கவே வேண்டாம்.

தற்காலிகமாக நிறுத்துகிற மருந்துகள் இன்னொரு கவலை. சாய மருந்து ஏற்றி ஸ்கேன் எடுப்பதற்காகச் சிலருக்கு மெட்ஃபார்மினை நிறுத்துவார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைச் சிலருக்கு ஆபரேஷனுக்கு முன் நிறுத்துவார்கள். மறுபடி எந்தத் தேதியில் ஆரம்பிப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். வார்டில் இன்சுலின் போட்டிருந்தால், வீட்டில் ஊசியா, மாத்திரையா, இரண்டுமா என்பதையும் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

அட்மிஷனுக்குப் போகும்போது பழைய சீட்டு மட்டும் போதாது. நீங்கள் எடுத்துக்கொள்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சீட்டில் இருப்பது ஒன்று, வாயில் போடுவது ஒன்று என்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கண் சொட்டு மருந்து, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, சித்த மருந்து இவற்றையெல்லாம் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கண் அழுத்தத்துக்கான டிமோலோல் சொட்டு நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். டாக்டருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். மாத்திரை அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கிற பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அது வாரம் ஒருமுறை மட்டும் போடும் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வீட்டுச் சீட்டிலும் கிழமையின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துத் தீங்கைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கியபோது, முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்றில் ஒன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் மாறும் இந்த நேரம்தான்.

வீடு திரும்பிய அன்றே பழைய மருந்துப் பையையும் புதுப் பையையும் சேர்த்து விரித்து வைத்துப் பாருங்கள். ஒரே மூலப்பெயர் இரண்டு அட்டைகளில் தென்பட்டால் அன்றைக்கே டாக்டரையோ பார்மசிஸ்ட்டையோ கேளுங்கள். நீங்களாக எதையும் விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். நிறுத்தச் சொன்னதைத் தனி உறையில் போட்டு, மேலே 'நிறுத்தியது' என்றும் தேதியும் எழுதி, மறு பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் புதுப் பட்டியலைக் காட்டுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற ஊழியரிடமும் காட்டுங்கள். இல்லையென்றால் நிறுத்திய மாத்திரை அடுத்த மாதமும் வீடு தேடி வந்துவிடும்.